பிறழ்வளர்ச்சி

பிறழ்வளர்ச்சி அல்லது டிஸ்பிளேசியா என்பது உடலின் ஒரு திசுவில் (இழையத்தில்) உள்ள உயிரணுக்கள் தமக்குரிய உருவம், அளவு, முதிர்ச்சி, அடுக்கமைவு ஆகியவற்றிலிருந்து பிறழ்ந்து காணப்படும் நிலையைக் குறிக்கும் நோயியல் சொல் ஆகும். இவ்வுயிரணுக்கள் இயல்பானவை அல்ல. அதேவேளை அவை புற்றுநோயும் அல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைச் சுட்டும் பெயராக இச்சொல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோயியலில் நிலைபெற்றது.

கருப்பை வாய், வாய்க்குழி, உணவுக்குழாய், பெருங்குடல், மூச்சுக்குழாய் போன்ற உறுப்புகளின் உட்பரப்பைப் போர்த்தியுள்ள எபிதீலியத் திசுவில் (புறவணியிழையத்தில்) பிறழ்வளர்ச்சி பெரும்பாலும் கண்டறியப்படுகிறது. இது வெறுங்கண்ணால் உறுதி செய்யப்படுவதன்று. உயிரணுக்களையோ சிறு திசுத் துண்டையோ எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தே நோயியலாளர் இதனை முடிவு செய்கிறார். மருத்துவ அறிக்கையில் இச்சொல்லைக் காணும் ஒருவர் அதனைப் புற்றுநோய் என்று கொண்டு அஞ்சுவதும் தவறு. புற்றுநோய் இல்லையே என்று பொருட்படுத்தாது விடுவதும் தவறு. இவ்விரு தவறுகளையும் மருத்துவத்துறையே வெவ்வேறு காலங்களில் செய்துள்ளது என்பது இச்சொல்லின் வரலாற்றிலிருந்து தெரிய வருகிறது.

சொற்பிறப்பு

டிஸ்பிளேசியா என்பது இரு கிரேக்கக் கூறுகளால் ஆன சொல்.

முதற்கூறான 'டிஸ்' என்பது தீய, குறைபட்ட, கடினமான என்னும் பொருள்களைத் தரும் முன்னொட்டு. டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு), டிஸ்பெப்சியா (செரிமானக் குறைபாடு), டிசென்டரி (சீதபேதி) ஆகிய சொற்களில் இருப்பதும் இதுவே. சமசுகிருதத்தின் 'துஸ்', 'துர்' என்னும் முன்னொட்டும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. எனவே தமிழில் வழங்கும் துர்நாற்றம், துர்க்குணம் போன்ற வடசொற்களின் முற்பகுதியும் டிஸ்பிளேசியாவின் முற்பகுதியும் உறவுடையவை எனலாம்.

இரண்டாம் கூறு 'பிளாசிஸ்'. இது 'பிளாஸ்ஸெயின்' என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. களிமண், மெழுகு போன்ற குழைவான பொருளைப் பிடித்து உருவம் கொடுப்பது அவ்வினையின் பொருள். குயவர் பானை செய்வதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'வனைதல்' என்னும் சொல் இதற்கு மிக நெருக்கமானது. பிளாஸ்டிக், பிளாஸ்டர், பிளாஸ்மா, உயிரணுவின் உட்பொருளான சைட்டோபிளாசம் ஆகிய சொற்களும் இவ்வேரிலிருந்தே தோன்றின.

ஆகவே டிஸ்பிளேசியா என்பதன் நேர்ப்பொருள் 'பழுதுபட வனையப்பட்டது' என்பதாகும். இச்சொல்லில் புற்று, கட்டி, வீக்கம் என்ற பொருள் எதுவும் இல்லை. இக்கட்டுரையில் பிறழ்வளர்ச்சி என்ற தமிழ்ச்சொல் ஆளப்படுகிறது. இதில் வரும் 'வளர்ச்சி' என்பதைப் பெரிதாதல் என்று கொள்ளாமல் உருவாதல் என்றே கொள்ள வேண்டும். பிறழ்வளர்ச்சி உள்ள இடம் பருத்திருக்க வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் அவ்விடம் வெளிப்பார்வைக்கு முற்றிலும் இயல்பாகவே தோன்றும்.

தொடர்புடைய சொற்கள்

'பிளேசியா' என்று முடியும் சொற்கள் நோயியலில் ஒரு குடும்பமாக உள்ளன. முன்னொட்டை மட்டும் மாற்றி வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன.

* ஏபிளேசியா (வளர்ச்சியின்மை) – ஒரு திசு அல்லது உறுப்பு உருவாகாமலே போதல்.
* ஹைப்போபிளேசியா (குறைவளர்ச்சி) – போதிய அளவு உருவாகாமை.
* ஹைப்பர்பிளேசியா (மிகைவளர்ச்சி) – உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுதல். உயிரணுக்களின் தோற்றம் இயல்பாகவே இருக்கும். தாய்மைக் காலத்தில் மார்பகச் சுரப்பிகள் பெருகுவது இதற்கு எடுத்துக்காட்டு.
* மெட்டாபிளேசியா (மாற்றுவளர்ச்சி) – ஒருவகை முதிர்ந்த உயிரணுவின் இடத்தில் வேறுவகை முதிர்ந்த உயிரணு தோன்றுதல். புகைபிடிப்போரின் மூச்சுக்குழாயில் குற்றிழைகள் கொண்ட தூண் வடிவ உயிரணுக்களின் இடத்தில் தட்டையான செதிள் உயிரணுக்கள் தோன்றுவது இவ்வகை.
* டிஸ்பிளேசியா (பிறழ்வளர்ச்சி) – உயிரணுக்களின் தோற்றமும் ஒழுங்கும் கெடுதல்.
* அனாபிளேசியா (பின்னடை வளர்ச்சி) – உயிரணு எந்தத் திசுவைச் சேர்ந்தது என்றே அறிய முடியாதபடி தன் சிறப்பியல்புகளை இழத்தல். இது புற்றுநோயின் அடையாளம்.
* நியோபிளேசியா (புதுவளர்ச்சி) – உடலின் கட்டுப்பாட்டுக்கு உட்படாமல் உயிரணுக்கள் பெருகுதல். தீங்கற்ற கட்டிகளும் புற்றுநோய்களும் இதில் அடங்கும்.

இவற்றுள் அனாபிளேசியா என்ற சொல்லைச் செருமானிய நோயியலாளர் டேவிட் வான் ஹான்செமான் 1890இல் அறிமுகப்படுத்தினார். புற்றுநோய் உயிரணுக்கள் பிளவுறும்போது குரோமோசோம்கள் இரு புறமும் சமமாகப் பிரியாதிருப்பதை அவர் கண்டு விளக்கினார். குரோமோசோம்கள் மரபுப் பண்புகளைச் சுமப்பவை என்பது முழுமையாக நிறுவப்படாத காலத்தில் செய்யப்பட்ட நோக்கீடு இது.

தூண்டுதல் நீங்கினால் மிகைவளர்ச்சியும் மாற்றுவளர்ச்சியும் பொதுவாக மீளக்கூடியவை. பிறழ்வளர்ச்சி சில வேளைகளில் மீளும். சில வேளைகளில் அப்படியே நிற்கும். சில வேளைகளில் புற்றுநோயாக முன்னேறும். இந்த நிச்சயமின்மையே இச்சொல்லை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது.

உயிரணுவில் காணப்படும் மாற்றங்கள்

இயல்பான செதிள் எபிதீலியத்தில் உயிரணுக்கள் அடியடுக்கில் தோன்றி, மேலே செல்லச் செல்ல முதிர்ந்து தட்டையாகி, இறுதியில் உதிர்கின்றன. அடியடுக்கு உயிரணுக்களில் உட்கரு பெரியதாகவும் மேலடுக்கில் சிறியதாகவும் இருக்கும். பிளவுறுதல் அடியடுக்கை ஒட்டியே நிகழும். பிறழ்வளர்ச்சியில் இவ்வொழுங்கு குலைகிறது. நோயியலாளர் கவனிக்கும் முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

* உட்கருவின் அளவு கூடுதல். சைட்டோபிளாசத்தோடு ஒப்பிட உட்கரு மிகுந்த இடத்தைப் பிடித்தல்.
* உட்கரு சாயத்தை மிகுதியாக ஏற்று அடர்ந்த நிறத்தில் தெரிதல்.
* அடுத்தடுத்த உயிரணுக்கள் அளவிலும் வடிவத்திலும் ஒன்றுபோல் இல்லாதிருத்தல்.
* மேலடுக்குகளிலும் உயிரணுப் பிளவு காணப்படுதல்.
* அடுக்குகளின் ஒழுங்கு கெட்டு, மேலே சென்ற பின்னும் உயிரணுக்கள் முதிராதிருத்தல்.

இம்மாற்றங்கள் திசுவின் அடிப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை இருந்தால் இலேசான பிறழ்வளர்ச்சி எனவும், மூன்றில் இரு பங்கு வரை இருந்தால் நடுத்தரமானது எனவும், அதற்கும் மேல் சென்றால் கடுமையானது எனவும் மரபாக வகுக்கப்படுகிறது.

அடிச்சவ்வு என்னும் எல்லை

எபிதீலியத்தின் கீழே அடிச்சவ்வு என்னும் மெல்லிய படலம் உள்ளது. குருதிக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இப்படலத்துக்குக் கீழேதான் அமைந்துள்ளன. பிறழ்வளர்ச்சி உற்ற உயிரணுக்கள் எவ்வளவு கெட்டிருந்தாலும் அடிச்சவ்வைத் தாண்டியிருக்க மாட்டா. அவற்றுக்குக் குருதிவழி மற்ற உறுப்புகளுக்குச் செல்லும் வாயில் இல்லை. ஆகவே அந்த இடத்தை மட்டும் அகற்றினாலோ அழித்தாலோ போதுமானது. அடிச்சவ்வைத் துளைத்து உயிரணுக்கள் கீழே இறங்கிய பின்னரே அது ஊடுருவும் புற்றுநோய் எனப்படுகிறது.

எபிதீலியத்தின் முழு உயரமும் கெட்டு, ஆனால் அடிச்சவ்வு சிதையாமல் இருக்கும் நிலைக்குக் 'கார்சினோமா இன் சிட்டு' என்ற பெயர் வழங்குகிறது. 'இன் சிட்டு' என்பது இலத்தீனில் 'இருந்த இடத்திலேயே' எனப் பொருள்படும். இப்பெயரை அமெரிக்க நோயியலாளர் ஆல்பர்ட் பிராடர்ஸ் 1932இல் முன்வைத்தார்.

வரலாறு

நோயை உயிரணுவின் மட்டத்தில் தேட வேண்டும் என்ற கருத்து, ருடால்ப் விர்க்கோவ் 1858இல் வெளியிட்ட உயிரணு நோயியல் நூலின் மூலம் பரவியது. எனினும் அடுத்த பல பத்தாண்டுகளில் நோயியலாளர்கள் பார்த்தவை பெரும்பாலும் முற்றிய கட்டிகளும் இறந்தோரின் உறுப்புகளுமே. நோய் தொடங்கும் முன்னரான நிலையைக் காண, உடல்நலமுள்ளோரிடமிருந்து உயிரணுக்களை எடுக்கும் எளிய வழி தேவைப்பட்டது.

அவ்வழியைக் கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு (1883–1962) கண்டார். கருப்பை வாய்ப் பகுதியில் உதிரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்துப் புற்றுநோயை அறியலாம் என்று அவர் 1928இல் அறிவித்தார். அதே ஆண்டில் உருமேனிய மருத்துவர் அவுரல் பாபெஸ் தனியாகக் கண்டறிந்த இத்தகைய முறையொன்றை வெளியிட்டார். பாப்பனிக்கொலாவு மகளிர் மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் இணைந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பின்னரே மருத்துவ உலகம் இதனைப் பரவலாக ஏற்றது. 'பாப்' சோதனை என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கமே.

பாப்பனிக்கொலாவு தாம் கண்ட உயிரணுக்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பு இயல்பானது; ஐந்தாம் வகுப்பு உறுதியான புற்றுநோய். சிக்கல் நடுவிலேயே இருந்தது. மூன்றாம் வகுப்பு என்பதற்கு ஐயத்துக்குரியது என்பதற்கு மேல் தெளிவான பொருள் இல்லை. ஒவ்வோர் ஆய்வகமும் அதனைத் தன் போக்கில் பயன்படுத்தியது.

இந்த இடைவெளியை நிரப்பிய சொற்களுள் டிஸ்பிளேசியா ஒன்று. அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் ரீகனும் உடன் ஆய்வாளர்களும் 1953இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கார்சினோமா இன் சிட்டு, டிஸ்பிளேசியா என்ற இரண்டும் அருகருகே இடம்பெற்றன. 1950களில் இச்சொல் கருப்பை வாய் நோயியலில் வேரூன்றியது. பிரித்தானியாவில் இதற்கு இணையாக 'டிஸ்கேரியோசிஸ்' என்ற சொல் நெடுங்காலம் வழங்கியது. 'கேரியோன்' என்பது கிரேக்கத்தில் கொட்டை அல்லது பருப்பைக் குறிக்கும். உயிரணுவின் உட்கருவுக்கு அது ஆகிவந்தது. டிஸ்பிளேசியா திசுவின் பிறழ்வையும், டிஸ்கேரியோசிஸ் தனித்து எடுத்த உயிரணுவில் உட்கருவின் பிறழ்வையும் குறிக்கும்.

பெயரும் சிகிச்சையும்

புதிய பெயர் வந்ததால் ஐயம் நீங்கிவிடவில்லை. கடுமையான டிஸ்பிளேசியாவுக்கும் கார்சினோமா இன் சிட்டுவுக்கும் இடையிலான வேறுபாடு மிக நுண்ணியது. ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரு நோயியலாளர்கள் வெவ்வேறு பெயர் இடுவது உண்டு. ஆனால் சிகிச்சை அப்பெயரைப் பொறுத்தே அமைந்தது. கார்சினோமா என்ற சொல் அறிக்கையில் இருந்தால் கருப்பையே அகற்றப்பட்டது. டிஸ்பிளேசியா என்று இருந்தால் பலர் எந்தச் சிகிச்சையும் இன்றி விடப்பட்டனர். நுண்ணோக்கியின் கீழ் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்த இரு நிலைகளுக்கு முற்றிலும் வேறுபட்ட விளைவுகள் ஏற்பட்டன.

இதனைக் களையும் நோக்கில் அமெரிக்க நோயியலாளர் ரால்ப் ரிச்சர்ட் 1960களின் பிற்பகுதியில் 'கருப்பை வாய் எபிதீலிய உட்புதுவளர்ச்சி' என்ற பெயரை முன்மொழிந்தார். இதன் ஆங்கிலச் சுருக்கம் சி.ஐ.என். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நிகழ்வின் தொடர்ச்சியான படிகளே என்பது அவர் கருத்து. கடுமையான டிஸ்பிளேசியாவையும் கார்சினோமா இன் சிட்டுவையும் அவர் ஒரே படியில் சேர்த்தார்.

1988 டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெத்தெஸ்டாவில் கூடிய வல்லுநர்கள், உயிரணுச் சோதனை அறிக்கைகளுக்கு வேறொரு முறையை வகுத்தனர். இதில் இரண்டே படிகள் உள்ளன. பெத்தெஸ்டா முறை 1991, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது.

மூன்று பெயரிடு முறைகளும் பின்வருமாறு பொருந்தும்:

* இலேசான டிஸ்பிளேசியா – சி.ஐ.என். 1 – தாழ்நிலைச் செதிள் உட்பிறழ்வு
* நடுத்தர டிஸ்பிளேசியா – சி.ஐ.என். 2 – உயர்நிலைச் செதிள் உட்பிறழ்வு
* கடுமையான டிஸ்பிளேசியா, கார்சினோமா இன் சிட்டு – சி.ஐ.என். 3 – உயர்நிலைச் செதிள் உட்பிறழ்வு

பிறழ்வளர்ச்சி சிகிச்சையின்றி எவ்வாறு மாறும் என்பது குறித்து அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து ஆஸ்திரேலிய நோயியலாளர் ஓஸ்டர் 1993இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அதன்படி சி.ஐ.என். 1 நிலையில் 57 விழுக்காடு தானே மறைந்தது. 32 விழுக்காடு அப்படியே நின்றது. 11 விழுக்காடு சி.ஐ.என். 3 நிலைக்கு முன்னேறியது. 1 விழுக்காடு ஊடுருவும் புற்றுநோயாயிற்று. சி.ஐ.என். 3 நிலையில் மறைந்தவை 32 விழுக்காடு மட்டுமே. புற்றுநோயாக மாறியவை 12 விழுக்காட்டுக்கும் மேல். டிஸ்பிளேசியா என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபட்ட எதிர்காலங்கள் அடங்கியிருப்பதால், அதன் முன் வரும் 'இலேசான', 'கடுமையான' என்ற அடைமொழி அச்சொல்லை விட முக்கியமானது.

நியூசிலாந்து நிகழ்வு

பிறழ்வளர்ச்சி உற்ற உயிரணுக்களைப் பொருட்படுத்தாது விட்டால் நேரும் விளைவுக்கு நியூசிலாந்தில் நிகழ்ந்தது மிகவும் அறியப்பட்ட சான்றாகும். ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், கார்சினோமா இன் சிட்டு ஊடுருவும் புற்றுநோயாக மாறும் என்ற கருத்தை ஏற்கவில்லை. தேவையற்ற கருப்பை நீக்கங்களிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்பதும் அவர் வாதங்களுள் ஒன்று. 1966இல் மருத்துவமனையின் ஒப்புதலுடன், இந்நிலையுள்ள பெண்கள் பலருக்கு முழுமையான சிகிச்சை அளிக்காமல் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டத்தை அவர் தொடங்கினார். தாம் ஓர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டிருப்பது அப்பெண்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

அதே மருத்துவமனையைச் சேர்ந்த மெக்கின்டோ, மெக்லீன், ஜோன்ஸ் உள்ளிட்டோர் 1984இல் வெளியிட்ட கட்டுரை, பிறழ்ந்த உயிரணுக்கள் தொடர்ந்து காணப்பட்ட பெண்களில் பலருக்குப் புற்றுநோய் வந்ததை எடுத்துக்காட்டியது. 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் ஆகியோர் 'மெட்ரோ' இதழில் எழுதிய கட்டுரை இதனைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை 1988இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நோயாளிகளின் இசைவு, ஆய்வு நெறிமுறை ஆகியவை குறித்து அந்நாட்டில் ஏற்பட்ட சீர்திருத்தங்களுக்கும் நாடு தழுவிய முன்கண்டறிதல் திட்டத்துக்கும் இவ்வறிக்கை வழிவகுத்தது.

அப்பெண்களின் மருத்துவப் பதிவுகளை மீளாய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, சி.ஐ.என். 3 குறித்து இன்று மருத்துவர்கள் சுட்டும் எண்களைத் தந்தது. திசுச் சோதனைக்காகச் சிறு துண்டு எடுக்கப்பட்டதைத் தவிர வேறு சிகிச்சை பெறாத 143 பெண்களில், 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 31.3 விழுக்காடாக இருந்தது. போதிய சிகிச்சை பெற்ற 593 பெண்களில் அது 0.7 விழுக்காடு மட்டுமே. இத்தகைய ஒப்பீட்டை நெறிமுறைப்படி இனி எவரும் செய்ய இயலாது.

காரணங்கள்

கருப்பை வாய்ப் பிறழ்வளர்ச்சிக்கு மனிதப் பாப்பிலோமா வைரசின் (தீநுண்மியின்) சில வகைகள் காரணமாகின்றன. இதற்கான தடயமும் ஒரு சொல்லில் தொடங்கியது. 1956இல் லியோபோல்ட் காஸ், கிரேஸ் டர்பீ ஆகியோர், உட்கருவைச் சுற்றி வெற்றிடம் சூழ்ந்தது போல் தோன்றும் பிறழ்ந்த உயிரணுக்களைக் குறிக்கக் 'கொய்லோ' என்ற கிரேக்க அடையை எடுத்தாண்டனர். 'கொய்லோஸ்' என்றால் குழிவானது, உள்ளீடற்றது எனப் பொருள். இவ்வுயிரணுவே 'கொய்லோசைட்' எனப்படுகிறது. 1976இல் மெய்சல்ஸ், போர்டின் ஆகிய கனடிய ஆய்வாளர்கள், கொய்லோசைட்டுகள் பாப்பிலோமா வைரஸ் தொற்றின் அடையாளம் என்று விளக்கினர். 1983இல் ஹரால்ட் சூர் ஹாசனின் குழு கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவில் இவ்வைரசின் 16ஆம் வகையைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டு 18ஆம் வகையும் கண்டறியப்பட்டது. இதற்காக அவருக்கு 2008இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.

தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் இவ்வைரசை நீக்கிவிடுகிறது. இலேசான பிறழ்வளர்ச்சி பெரும்பாலும் தானே மறைவதற்குக் காரணம் இதுவே. வைரஸ் நிலைத்துவிட்டால், அதன் ஈ6, ஈ7 என்னும் புரதங்கள் உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்பி ஆகிய புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. கட்டுப்பாடு நீங்கிய உயிரணுக்களில் மரபணுப் பிழைகள் சேர்ந்து பிறழ்வளர்ச்சி முற்றுகிறது.

பிற உறுப்புகளில் வேறு காரணங்கள் உள்ளன. வாய்க்குழியில் புகையிலை, பாக்கு, மது ஆகியவையும், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இரைப்பை அமிலம் மேலேறுதலும், பெருங்குடலில் நாட்பட்ட அழற்சியும் குறிப்பிடத்தக்கவை.

பிற உறுப்புகளில் பிறழ்வளர்ச்சி

வாய்க்குழி: வாயில் தோன்றும் வெண்ணிறத் திட்டு 'லூக்கோபிளேக்கியா' எனப்படும். ஒலி ஒத்திருப்பினும் இது 'பிளேசியா' குடும்பத்துச் சொல் அன்று. வெண்மை, தட்டு என்னும் பொருள்களையுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. இது கண்ணால் கண்டு இடும் பெயர். அத்திட்டில் பிறழ்வளர்ச்சி உள்ளதா என்பதைத் திசுச் சோதனையே கூறும்.

உணவுக்குழாய்: அமிலம் தொடர்ந்து படுவதால் செதிள் உயிரணுக்கள் தூண் வடிவ உயிரணுக்களாக மாறும் நிலை 'பாரெட் உணவுக்குழாய்' எனப்படும். இது மாற்றுவளர்ச்சி. இதன் மேல் பிறழ்வளர்ச்சி தோன்றினால் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பெருங்குடல்: அடினோமா வகைத் தசைமொட்டுகளில் பிறழ்வளர்ச்சி உள்ளது. பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையின்போதே இவற்றை அகற்றிவிடலாம்.

எலும்பு மச்சை: குருதி அணுக்கள் பிறழ உருவாகும் நோய்த்தொகுதி 'மயலோடிஸ்பிளேஸ்டிக்' நோய்க்கூட்டு என 1982 முதல் வகைப்படுத்தப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 2022இல் இதனை 'மயலோடிஸ்பிளேஸ்டிக் புதுவளர்ச்சி' என்று பெயர் மாற்றியது. பிறழ்வு, புதுவளர்ச்சி என்னும் சொற்களுக்கிடையே எல்லை வகுக்கும் முயற்சி தொடர்கிறது என்பதற்கு இது சான்று.

வேறு பொருளில் வழங்குதல்

டிஸ்பிளேசியா என்ற பெயர் கொண்ட எல்லாம் புற்றுநோய்க்கு முந்தைய நிலை அல்ல. 'பழுதுபட உருவாதல்' என்ற நேர்ப்பொருளிலேயே இச்சொல் பல இடங்களில் ஆளப்படுகிறது. குழந்தைகளின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் ஆழமின்றி உருவாவது இடுப்பு டிஸ்பிளேசியா. எலும்பின் இடத்தில் நார்த்திசு உருவாவது நார் டிஸ்பிளேசியா. தோல், முடி, பல், வியர்வைச் சுரப்பி ஆகியவை பிறவியிலேயே குறைபட அமைவது எக்டோடெர்ம டிஸ்பிளேசியா. குறைமாதத்தில் பிறந்து செயற்கைச் சுவாசம் பெற்ற குழந்தைகளின் நுரையீரலில் ஏற்படும் பாதிப்பு மூச்சுக்குழல்-நுரையீரல் டிஸ்பிளேசியா. இவை உறுப்பின் அமைப்பு பற்றியவை. எபிதீலியப் பிறழ்வளர்ச்சியைப் போல் இவற்றை இலேசான, கடுமையான எனப் புற்றுநோய்ப் படிகளாகக் கொள்ளலாகாது.

கண்டறிதலும் சிகிச்சையும்

பிறழ்வளர்ச்சி பொதுவாக வலியோ குருதிப்போக்கோ தராது. ஆகவே அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் தேடிக் கண்டறிய வேண்டியுள்ளது. கருப்பை வாயில் இதற்குப் பாப் சோதனை, பாப்பிலோமா வைரஸ் சோதனை, அசிட்டிக் அமிலச் சோதனை ஆகியவை பயன்படுகின்றன. மூன்றாவது முறையில் 3 முதல் 5 விழுக்காடு செறிவுள்ள அசிட்டிக் அமிலம் (வினிகரில் உள்ள அமிலம்) கருப்பை வாயில் தடவப்படுகிறது. பிறழ்ந்த உயிரணுக்கள் உள்ள இடம் சில நிமிடங்களில் வெண்மையாகத் தெரியும். ஆய்வகமோ நுண்ணோக்கியோ வேண்டாத இம்முறை ஐயத்துக்குரிய இடத்தைக் காட்டுமேயன்றிப் பிறழ்வளர்ச்சியை உறுதி செய்யாது.

இம்முறையின் பயனை நிறுவிய ஆய்வு தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமையின் பங்களிப்புடன் நடத்தப்பட்ட இவ்வாய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைச் சோதித்தனர். 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகளின்படி, சோதனை நடந்த ஊர்த்தொகுதிகளில் மற்றவற்றை விடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இதேபோல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாய்க்குழியைக் கண்ணால் சோதிக்கும் திட்டம், புகையிலை அல்லது மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பை 34 விழுக்காடு குறைத்ததாக 2005இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

இலேசான பிறழ்வளர்ச்சிக்குப் பெரும்பாலும் உடனடிச் சிகிச்சை தேவையில்லை. குறித்த கால இடைவெளியில் மீண்டும் சோதித்தால் போதும். கடுமையான பிறழ்வளர்ச்சி, குளிரூட்டி உறையச் செய்தல், மின்கம்பி வளையத்தால் வெட்டியெடுத்தல் போன்ற முறைகளால் நீக்கப்படுகிறது. கருப்பை வாயில் திசுவை மிகுதியாக வெட்டியெடுப்பது பிற்காலக் கருவுறுதலில் குறைமாதப் பிறப்பின் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், இளம்பெண்களில் மறையக்கூடிய நிலைகளுக்கு இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. சிகிச்சை பெற்றவர்களும் தொடர்ந்து சோதனைக்கு வருதல் வேண்டும்.

பாப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது. உலக சுகாதார அமைப்பு 2020இல் அறிவித்த திட்டம், 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியருக்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குச் சோதனை, நோய் கண்டறியப்பட்டோரில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை ஆகியவற்றை 2030ஆம் ஆண்டுக்கான இலக்குகளாகக் கொண்டுள்ளது. புற்றுநோய்க்கு எதிரான இத்திட்டத்தில், சோதனையின் முதன்மையான நோக்கம் புற்றுநோயைக் காண்பதன்று; அதற்கு முந்தைய பிறழ்வளர்ச்சியைக் கண்டு நீக்குவதாகும்.

இவற்றையும் பார்க்க

* உயிரணு
* எபிதீலியம்
* கருப்பை வாய்ப் புற்றுநோய்
* பாப் சோதனை
* மனிதப் பாப்பிலோமா வைரஸ்
* வாய்ப் புற்றுநோய்